கணக்கு எழுதும் மேசைக்கு எதிரே

(திருவந்திபுரத்தில், உழவர்களோடு பழகும் கிராமப் பணியாளர்களுக்கான மனநலப் பயிற்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முகூர்த்த நாளாக இருந்தால் இந்த ஊரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தேவநாத சுவாமி கோயிலிலும் எதிரே மலைமேலும் ஒரே காலையில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது ஆடி மாதம். கல்யாணம் இல்லை, மண்டபம் காலி, நமக்கு வாடகையும் குறைவு என்று அமைப்பாளர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். விதைக்க வேண்டியவர்கள் கழனியில் இருக்கிறார்கள். அவர்களோடு தினமும் பழகுகிற நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்.

முன்வரிசையில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் செயலாளர்கள். அடுத்து உதவி வேளாண்மை அலுவலர்கள், கால்நடை உதவியாளர்கள், பால் சங்கத்தில் அளந்து எழுதுகிறவர்கள். அந்தப் பக்கம் உரக்கடை, பூச்சி மருந்துக் கடை வைத்திருப்பவர்கள். பின்வரிசையில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர்கள், மகளிர் குழுத் தலைவிகள், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர்கள், இரண்டு மூன்று தலையாரிகள். உள்ளே வரும்போதே ஒருவர் என்னை மடக்கிக் கேட்டுவிட்டார்: "சார், யூரியா ஸ்டாக் பத்தின்னா நாங்க வர்றது நியாயம். மனநலத்துக்கு எங்கள எதுக்குக் கூப்பிட்டீங்க?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. 12 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில் தமிழ்நாடும் உண்டு. மனச்சோர்வு நோய் இருப்பவர்களில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று அது கண்டது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இது ஆச்சரியமில்லை. ஆனால் அந்த 85 பேரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லையே. நகைக்கடனை மாற்றி வைக்கச் சங்கத்துக்கு வருகிறார்கள். மாட்டுக்கு ஊசி போட ஆள் தேடுகிறார்கள். இலைச்சுருட்டுக்கு என்ன அடிக்கலாம் என்று கடைக்காரரிடம் கேட்கிறார்கள். காலையில் பால் ஊற்றுகிறார்கள், மாலையில் ஊற்றுகிறார்கள். மனநல மருத்துவரின் வாசலை மிதிக்காதவர் உங்கள் வாசலை வாரத்துக்கு மூன்று முறை மிதிக்கிறார். உங்களைக் கூப்பிட்டதற்குக் காரணம் அவ்வளவுதான். நீங்கள் எழுதும் மேசைக்கு எதிரே அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2022இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. வேளாண்மையைச் சார்ந்தவர்கள் 11,290. தமிழ்நாட்டுக் கணக்கு 728. அந்த 11,290ஐப் பிரித்துப் பாருங்கள்: விவசாயிகள் 5,207, விவசாயக் கூலிகள் 6,083. நாம் 'விவசாயி தற்கொலை' என்று சொல்லும்போது கண்முன் வருகிறவர் பட்டா உள்ள ஓர் ஆண். அவரைவிட அதிகம் செத்தவர்கள் நாற்று நட்டவர்களும் கரும்பு வெட்டியவர்களும். அவர்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரமாட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கணக்கே இல்லை. அதனால்தான் பணித்தளப் பொறுப்பாளர்களையும் அழைக்க வேண்டும் என்று நான் அமைப்பாளர்களிடம் பிடிவாதம் பிடித்தேன். இன்னொன்றும் உண்டு. இவை போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படும் கணக்குகள். புருஷனோடு சரிக்குச் சரி கழனியில் நின்றாலும் பட்டாவில் பேர் இல்லாத பெண் இறந்தால் பல நேரம் 'இல்லத்தரசி' என்றே எழுதுகிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே விவசாயியின் மனம் எதில் உடைகிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் வரிசையாகக் கேட்டால் ஒரு விஷயம் புலப்படும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லைகளும் பலா மரங்களும் ஒரே நாளில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. முந்திரிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; பலாவுக்கு இன்னும் அதிகம். அப்பா வைத்த மரம், தாத்தா வைத்த மரம். நிவாரணத் தொகை கணக்குப் போட்டு வந்தது. நாற்பது வயசு மரத்தை எண்ணிக்கையில் எப்படி எழுதுவது என்று எந்தப் படிவத்திலும் இல்லை. 2015 நவம்பரில் வெள்ளம். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதே மாதத்தில், ஒரே மாதத்துக்குள் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளை வைத்துத் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தற்கொலையா, மாரடைப்பா, வயசா என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. காய்ந்த பயிரைப் பார்த்துக்கொண்டே வரப்பில் சரிந்து விழுந்தவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அதிகாரிகள் சண்டை போட்டார்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல், தென்பெண்ணை வெள்ளம்.

இவை பேப்பரில் வந்தவை. பேப்பரில் வராதவை அதிகம். கரும்புக்கு வெட்டு உத்தரவு வராமல் பூ எடுத்து நிற்பது. ஆலை பணம் தராமல் இழுப்பது. இந்த மாவட்டத்தில் ஒரு தனியார் ஆலை விவசாயிகளின் பெயரில் வங்கியில் கடன் வாங்கியதும், வாங்காத கடனுக்கு அவர்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்ததும் உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17க்கு மேல் என்று திருப்பி அனுப்பப்பட்டு, இரவெல்லாம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் நேரத்துப் பயிருக்குள் நெய்வேலி நிறுவனத்தின் மண் வெட்டும் எந்திரங்கள் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று என்று நிறுவனம் சொன்னது. பணம் வாங்கியவர்கூட அந்தப் பயிரைப் பார்த்து அழுதார்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன்? மனநலப் பயிற்சி என்ற பேரில் ஒரு ஆபத்து உண்டு. கடனை நோயாக்கிவிடுவது. ஆலை பாக்கி வைத்ததால் தூங்காதவனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, நம் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் ஆலைக்காரருக்கும் அரசுக்கும் நாம் பெரிய உபகாரம் செய்கிறோம். பாக்கியைக் கேட்கிற போராட்டம் அதன் இடத்தில் நடக்க வேண்டும். இந்தப் பயிற்சி அதற்கு மாற்று இல்லை. அதே சமயம், எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஒரு வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். 'கடன் தீர்ந்தால் எல்லாம் தீரும், மனசு கினசு எல்லாம் பணக்காரன் பேச்சு' என்று சொல்லும் தோழர்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. நல்ல காரியம். ஆனால் சிட்டா, அடங்கல் தன் பேரில் இல்லாத குத்தகைக்காரருக்குத் தள்ளுபடி செய்யச் சங்கக் கடனே இருப்பது அபூர்வம். அவருடைய கடன் கடைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் பொண்டாட்டி பேரில் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவிலும் இருக்கும். அரசாணை போய்ச் சேராத அந்த வீட்டுக்கு நீங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சரி, உங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா? உண்டு என்று நம்ப ஆதாரம் இருக்கிறது. விதர்பாவில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் 'விஷ்ராம்' என்ற திட்டம் நடந்தது. ஊர்க்காரர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் உதவி தேடிப் போனவர்கள் தொடக்கத்தில் நூற்றுக்கு 4 பேர். 18 மாதம் கழித்து 27 பேர். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தவர்கள் 5.2 சதவீதத்திலிருந்து 2.5ஆகக் குறைந்தார்கள். 2017இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இது வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர்களை வைக்காத ஆய்வு என்பதால் நான் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. ஆனால் மருந்துச் சீட்டு எழுதத் தெரியாத ஊர்க்காரர்கள் செய்த வேலை இது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கத் துறை, பண்ணைக் கடன் கொடுக்கும் வங்கி ஊழியர்களுக்கே இப்படிப் பயிற்சி தருகிறது. முன்வரிசை இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலேயே உலகம் பேசுகிற ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னையில் 1986இல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் அங்கே பூச்சாகுபடி செய்யும் கிராமங்களுக்குப் போனார்கள். பூச்செடிக்கு மருந்து அடிக்கிற கணக்கு உங்களுக்குத் தெரியும். நெல்லைப் போல மூன்று நான்கு தடவையோடு முடியாது. மருந்து எந்நேரமும் வீட்டில் இருக்கும். கதவிடுக்கில், பரண்மேல், கட்டிலுக்கு அடியில். அவர்கள் செய்தது எளிய காரியம். இரண்டு ஊர்களில், ஊராரையே கலந்து பேசி, பொது இருப்பறை கட்டினார்கள். உள்ளே பூட்டுப் போட்ட தனித்தனிப் பெட்டிகள். மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கே வைத்துவிட்டு, அடிக்கிற அன்றைக்கு எடுத்துக்கொள்வது. ஒப்பிடுவதற்கு அப்படி எதுவும் செய்யாத இரண்டு ஊர்கள். ஏறக்குறைய 1,100 வீடுகளில் கணக்கெடுத்து, ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி பார்த்தார்கள். இருப்பறை வந்த ஊர்களில் பூச்சி மருந்தால் நேர்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் நன்றாகக் குறைந்திருந்தன. 2013இல் முடிவு வெளியானது. சிறிய ஆய்வு, ஊர்களுக்குள் தொடக்கத்திலேயே வித்தியாசம் இருந்தது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். எனக்கு எண்களைவிடப் பிடித்தது ஊர்க்காரர்கள் சொன்ன காரணம். மருந்து வீணாவது குறைந்தது என்றும் சொன்னார்கள், சட்டென்று கைக்குக் கிடைக்காததால் உயிர் தப்பியது என்றும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில்.

சட்டென்று என்பதுதான் இதில் முக்கியம். இலங்கையின் கிராமங்களில் நஞ்சு குடித்துப் பிழைத்தவர்களைக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த முடிவுக்கும் செயலுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட யோசிக்கவில்லை என்று தெரிந்தது. வீட்டில் ஒரு சண்டை, வட்டிக்காரன் வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தை, கொஞ்சம் சாராயம். அந்த அரை மணி நேரத்தில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதே உயிரா சாவா என்று தீர்மானிக்கிறது. அந்த நேரம் கடந்தால் பலருக்கு அந்த வேகம் அடங்கிவிடுகிறது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை.

இலங்கையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று மகிழ்ச்சி, ஒன்று பாடம். 1995வாக்கில் அங்கே லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான நிலை. அந்த ஆண்டிலிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் விழுந்தது. 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். விளைச்சல் விழவில்லை. இது மகிழ்ச்சி. பாடம் என்னவென்றால், அதே நாட்டில் அநுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவு: பலன் இல்லை. பெட்டி வீட்டிலேயே, சாவி இடுப்பிலேயே இருந்தால் பூட்டு என்ன செய்யும்? காட்டுமன்னார்கோயிலில் பெட்டி ஊர்ப் பொது இடத்தில் இருந்தது. போகிற வழியில் நாலு பேர் 'எங்க மாமா இந்நேரத்துல?' என்று கேட்பார்கள். பலன் இரும்பால் வந்ததைவிட அந்தக் கேள்வியால் வந்தது என்பது என் எண்ணம்.

தமிழக அரசும் 2023 தொடக்கத்தில் 6 பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை அறிவித்தது. அறுபது நாள் தடை போதாது என்று மருந்துக்கடைக்காரர்கள் முன்னாலேயே சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறு உண்டு. பயிர் இல்லாத நேரத்தில் மருந்து கேட்டு வருகிறவர், தனக்குத் தெரிந்த மருந்தின் பேரைக்கூடச் சொல்லாமல் 'ஏதோ ஒன்னு குடு' என்கிறவர், முகத்தைப் பார்க்காமல் காசை நீட்டுகிறவர். இருபது வருஷம் கடை நடத்தியவருக்கு இது கண்ணில் படாமல் போகாது. "என்ன பயிருக்கு, எந்தக் கழனி, என்ன பூச்சி?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். "ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாங்க, உக்காருங்க டீ சாப்பிடலாம்" என்று சொன்னால் வியாபாரம் ஒன்று போகும். உங்களில் சிலர் ஹைதராபாத் 'மேனேஜ்' நிறுவனத்தின் இடுபொருள் விற்பனையாளர் பட்டயப் படிப்பு முடித்திருக்கிறீர்கள். 48 வாரம் நடக்கும் படிப்பு. மண், உரம், சட்டம் எல்லாம் வருகிறது. அதில் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், இதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் வேளாண்மைப் புலமும் மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேளாண் மாணவர்கள் கடைசி வருஷம் கிராமத்தில் தங்கி அனுபவம் பெறப் போகிறார்கள். போவதற்கு முன் நான்கு நாள் அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உட்கார வைத்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டு கட்டடத்துக்கும் நடுவே சைக்கிளில் போகிற தூரம்தான்.

பயிற்சி என்றால் என்ன கற்றுக்கொள்வீர்கள்? பாம்பு கடித்தவரை ஓடவிடாமல் படுக்கவைத்து வண்டி பிடிப்பதற்கு நாம் டாக்டராக இருக்க வேண்டியதில்லை அல்லவா? அந்த அளவுதான். 2000இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர் என்ற செவிலியரும் அவர் கணவர் டோனி ஜோர்மும் 'மனநல முதலுதவி' என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். பெட்டி கிச்சனர் தானே மனச்சோர்வை அனுபவித்தவர். உலகம் முழுக்கப் போன அந்தப் பயிற்சியின் சாரம் கவனிப்பது, கேட்பது, சேர்த்துவிடுவது. நம் ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

கவனிப்பது. நம் ஆட்கள் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். "சோறு எறங்கல", "தூக்கமே புடிக்கல", "ஒடம்பெல்லாம் அசதி", "நெஞ்சு படபடங்குது", "யோசனையாவே இருக்கு" என்பார்கள். பல பேருக்கு வயிற்றுவலி, தலைவலி. ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. அதைவிட முக்கியம் பழக்கத்தில் வரும் மாற்றம். விடியற்காலை முதல் ஆளாகப் பால் கொண்டுவருகிறவர் கடைசியில் வருகிறார். மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார். கரும்புக்குப் பாத்தி கட்டாமல் விட்டுவிட்டார். பேச்சுக்காரர் பேசவில்லை. அல்லது இத்தனை நாள் இடிந்துபோய் இருந்தவர் திடீரென்று தெளிவாக வந்து, "இந்தாப்பா, ஒன் பாக்கி" என்று எல்லோருக்கும் சில்லறைக் கடனைத் தீர்க்கிறார். செயலாளர்களே, வசூல் ஆகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள்.

கேட்பது. இதுதான் எல்லோருக்கும் தொண்டையில் நிற்கும். தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயம். இது தப்பு. கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் மூச்சு வெளியே வருகிறது. எப்படிக் கேட்பது? "அண்ணே, ரொம்பக் கஷ்டத்துல இருக்கறவங்களுக்குச் சில நேரம் செத்துப்போயிடலாமான்னு தோணும். ஒங்களுக்கு அப்படித் தோணுதா?" இவ்வளவுதான். சுற்றி வளைக்கக் கூடாது. "அப்பிடி எதுவும் பண்ணிக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டால், மாட்டேன் என்ற பதிலை நாமே அவர் வாயில் ஊட்டுகிறோம்.

அவர் பேச ஆரம்பித்ததும் நமக்கு வருகிற முதல் பேச்சை விழுங்க வேண்டும். "எல்லாம் சரியாயிடும்." எப்படிச் சரியாகும்? உங்களுக்குத் தெரியுமா? "புள்ளைங்க மொகத்தப் பாருங்க." பார்த்துப் பார்த்துத்தான் அவர் தூங்காமல் இருக்கிறார். "ஒங்களவிடக் கஷ்டப்படறவன் இல்லியா?" அவனாலேயே தாங்க முடிகிறது, என்னால் முடியவில்லையே என்று இன்னும் ஒரு மூட்டையை அவர் தலையில் ஏற்றுகிறோம். "ஆம்பள அழலாமா?" இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அறிவுரை சொல்லாமல் இருப்பது கொடிய விரதம். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு, "அப்பறம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சேர்த்துவிடுவது. ஆமாம், தோணுது என்று அவர் சொல்லிவிட்டால் தனியாக விடக் கூடாது. வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தை வெளியேற்ற வேண்டும். அவர் தம்பியோ மச்சானோ எடுத்துக்கொண்டு போகட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ கூடவே போக வேண்டும். 'போங்க' என்று சொல்வதற்கும் 'வாங்க போகலாம்' என்று சொல்வதற்கும் உள்ள தூரம் பெரியது. இரவு நேரமென்றால் 14416 என்ற எண்ணுக்கு அடியுங்கள். 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுகிறார்கள். 104 உண்டு. சிநேகாவின் எண் 044-24640050. பிறகு ஒரு வாரத்துக்குள் மறுபடி அவரைப் பார்க்க வேண்டும். மாட்டைப் பார்க்கிற சாக்கிலாவது.

கெடிலக் கரையில் நின்று இதைச் சொல்லும்போது எனக்குப் பெரியபுராணத்துச் சமையல்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். வைணவத் தலத்தில் சைவக் கதை, தேவநாதர் பொறுத்துக்கொள்வார். மருள்நீக்கியார், பின்னாளில் நாம் அப்பர் என்று கும்பிடுகிறவர், பாடலிபுத்திரத்து மடத்தில், அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், சூலை நோயால் துடிக்கிறார். மடத்தில் மந்திரம் தெரிந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள், தீரவில்லை. அப்போது அவர் தன் சமையல்காரரைத் திருவதிகையில் இருக்கும் அக்கா திலகவதியாரிடம் அனுப்புகிறார். அந்த ஆள் போகிறார், சேதி சொல்கிறார். அக்கா அங்கே வரமாட்டேன் என்கிறார். அந்தப் பதிலோடு திரும்பி வந்து சொல்கிறார். பிறகுதான் தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் புறப்படுகிறார். அப்பரைத் தெரியும், அக்காவைத் தெரியும், அதிகைப் பெருமானைத் தெரியும். அந்தச் சமையல்காரரின் பேர் யாருக்குத் தெரியும்? அவர் வைத்தியர் இல்லை, ஞானி இல்லை; சோறு வைக்கப் போன இடத்தில் வலியைப் பார்த்தார், நடந்தார், நல்ல பதில் கிடைக்காதபோதும் திரும்பி வந்தார். உங்கள் வேலையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 2004 சுனாமியில் கடலூர்க் கடற்கரையில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, நிம்ஹான்ஸ் குழுவினர் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தொண்டர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி கொடுத்தார்கள். அலை ஒரே காலையில் வந்தது, எல்லோரும் ஓடிவந்தார்கள். கடன் அப்படி வருவதில்லை. அதற்குத் தேதி கிடையாது, அமைச்சர் வந்து பார்ப்பதும் கிடையாது. அதனால் கழனிப் பக்கத்துக்கான பயிற்சி எப்போதும் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போகிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு பயம் உண்டு, அதையும் தீர்த்துவிடுவோம். 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று நினைத்து, பூச்சி மருந்து குடித்தவருக்கு வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து நேரத்தை வீணாக்குகிறார்கள். அப்படி எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1இல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகவோ கடமை செய்யவிடாமல் தடுப்பதற்காகவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும் தனிப் பிரிவு இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வாசலில் மண்ணெண்ணெய் கேனோடு பிடிபடுகிறவர்கள்மேல் அது பாயலாம். பட்டா மாற்றத்துக்கு எட்டு வருஷம் நடந்தவரை அந்தப் பிரிவில் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

பெண்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. குழுக் கடன் தவணை நாளில், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வாசலில் உட்காருகிறார்கள். உட்காருவது பக்கத்து வீட்டு அக்கா, சின்னம்மா. கடன்காரனைவிட அது அதிகம் வலிக்கிறது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. குழுத் தலைவிகள் அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் உட்காரச் சொல்கிற வசூல்காரரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். புருஷன் செத்த வீட்டிலும் இதே கதை. அவன் யாரிடம் எவ்வளவு வாங்கினான் என்று அவளுக்குத் தெரியாது. பதினாறாம் நாளுக்குள் ஆளுக்கொரு நோட்டோடு வருகிறார்கள். சங்கச் செயலாளர் ஒருவர் போய் உட்கார்ந்து, எது உண்மையான கடன், எதற்கு எழுத்து இருக்கிறது, எந்த நிவாரணத்துக்கு மனுப் போடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதைவிடப் பெரிய மனநலச் சிகிச்சை அந்த வாரத்தில் அவளுக்கு வேறு இல்லை.

கடைசியாக உங்களைப் பற்றி. வசூல் இலக்கு உங்கள் தலைமேல் தொங்குகிறது. நிவாரணப் பட்டியலில் பேர் விடுபட்டால் திட்டு உங்களுக்கு. தன்னார்வலர்களுக்குக் கொடுக்கிற தொகையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இதற்கு மேல் ஊராரின் துக்கத்தையும் சுமக்கச் சொன்னால் நீங்கள் உடைவீர்கள். ஆகவே மாதம் ஒரு முறை பத்துப் பத்துப் பேராகக் கூடிப் பேச இடமும் நேரமும், அதற்குப் பயணப்படியும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத பயிற்சியை, இன்றைய மதியச் சாப்பாட்டோடு மறந்துவிடலாம். கூடவே இருந்தும் ஒருவர் போய்விட்டால், அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஐம்பது கைகள் தள்ளிய இடத்தில் ஒரு கை பிடித்து நிறுத்த முடியாமல் போவதுண்டு.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. குடித்துவிட்டு இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காருங்கள். செயலாளரோடு செயலாளர் வேண்டாம். மருந்துக்கடைக்காரரும் தன்னார்வலரும், பால்காரரும் தலையாரியும் என்று மாறி உட்காருங்கள். ஒருவர் விவசாயி, ஒருவர் நீங்கள். நான் சொன்ன அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும். முதல் முறை சிரிப்பு வரும், இரண்டாம் முறை வாய் கூசும். நான்கைந்து முறை கேளுங்கள். பிறகு நாற்காலியை மாற்றிக்கொள்ளுங்கள்.